ஒரே கோட்டை, ஆறு முகங்கள்: கெம்கோவின் கேம் பட்டியலை ஷா ஆலமிலிருந்து படித்தல்

1989ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் ஒரு முயல் தன் மனைவி ஜெசிகாவைத் தேடி ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் வேறொரு முயல் தன் காதலி ஹனி பன்னியைத் தேடி ஏறக்குறைய அதே கட்டடத்துக்குள் நுழைந்தது. ஆண்டு முடிவதற்குள் ஜப்பானில் ஓர் எலியும் அங்கே போய்ச் சேர்ந்தது. அது தேடியது மின்னியை. ரோஜர் ராபிட், பக்ஸ் பன்னி, மிக்கி மௌஸ் என்று முகங்கள் மூன்று. ஏறி இறங்கிய படிகளும் புகுந்து வெளிவந்த கதவுகளும் ஒன்றே. மூன்றையும் வெளியிட்டது கெம்கோ என்ற சிறிய ஜப்பானிய நிறுவனம்.

கேம் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களைப் பற்றியே எழுதுகிறார்கள். நிண்டெண்டோவும் செகாவும் தங்கள் கதாபாத்திரங்களைத் தாங்களே படைத்து, தாங்களே காத்துக்கொண்டன. சிறு பதிப்பாளருக்கு அந்த வசதி கிடையாது. கடைக்காரர் கண்ணில் படவேண்டுமென்றால் அட்டைப்படத்தில் தெரிந்த முகம் ஒன்று இருக்க வேண்டும். அந்த முகத்தை யாரிடமாவது உரிமம் பெற்று வாடகைக்கு எடுக்க வேண்டும். ஆகவே ஒரு சிறு பதிப்பாளரின் பட்டியல் ஒப்பந்தங்களின் வரலாறாகவும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கெம்கோவின் பட்டியல் அதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று. அதை மலேசியாவின் ஷா ஆலமில் இருந்துகொண்டு படிப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கெம்கோ 1984இல் ஹிரோஷிமா மாநிலத்தின் குரே நகரில் தொடங்கியது. கோத்தோபுகி என்ற பொறியியல் நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமே கெம்கோ. யமாட்டோ போர்க்கப்பலைக் கட்டிய கப்பல் தளம் இருந்த துறைமுக நகரம் குரே. கேம் தொழில் குவிந்திருந்த டோக்கியோ, ஒசாகா, கியோட்டோவுக்கெல்லாம் தொலைவில் இருந்த ஊர். பக்கத்து ஹிரோஷிமா நகரில் 1982 முதல் இயங்கிய கம்பைல் 1991இல் புயோ புயோ என்ற சொந்தப் படைப்பால் புகழ்பெற்றது. கெம்கோ வேறு வழியில் போனது: அமெரிக்கக் கணினிகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கேம்களை வாங்கி, நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்கு ஏற்றபடி மாற்றி வெளியிட்டது.

1985இல் வந்த டோபாய், சினாப்ஸ் நிறுவனத்தின் கேம். 1986இல் வந்த ஸ்பை வெர்சஸ் ஸ்பை, ஃபர்ஸ்ட் ஸ்டார் நிறுவனம் 1984இல் செய்தது. அதன் கறுப்பு வெள்ளை ஒற்றர்கள் இருவரும் கியூபாவிலிருந்து வெளியேறிய அந்தோனியோ புரோஹியாஸ் மேட் இதழுக்காக வரைந்தவர்கள். அடுத்த ஆண்டு சூப்பர்மேன். ஒரு துறைமுக நகரத்துக்குப் பொருந்திய வணிகம்தான்: வெளியிலிருந்து வரும் சரக்கை இறக்கி, பெட்டி மாற்றி, உள்நாட்டுக்கு அனுப்புவது. இடையில் 1987இல் இந்தோரா நோ ஹிகாரி என்று ஒரு சொந்த ரோல் பிளேயிங் கேமும் வந்தது. இந்திரனின் ஒளி என்று பொருள். புத்த சமயத்தின் வழியே ஜப்பான் சென்று தாய்ஷாகுதென் என்று வழிபடப்படும் நம் இந்திரன், குரே நகரத்துக் கேட்ரிட்ஜில் பெயராக நின்றதைப் பார்க்கையில் ஒரு தமிழ் வாசகருக்கு மகிழ்ச்சியாகவே இருக்கும்.

இறக்குமதிகளில் ஆழமானது ஐகாம் சிமுலேஷன்ஸ் மெக்கின்டாஷ் கணினிக்குச் செய்த மூன்று சாகசக் கேம்கள்: தேஜா வூ, அன்இன்வைட்டட், ஷேடோகேட். மௌஸால் சொடுக்கி ஆடவேண்டிய கேம்களை நான்கு திசைப் பொத்தானுக்கும் இரண்டு விரலுக்கும் அடக்குவது எளிதல்ல. கெம்கோவின் ஆட்கள் திரையை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு பக்கம் அறையின் படம், ஒரு பக்கம் பையிலுள்ள பொருள்கள், கீழே திற, எடு, அடி போன்ற வினைகள். 1989இல் வந்த ஷேடோகேட்டில் கையிலுள்ள தீப்பந்தம் எரிந்து தீர்வதற்குள் அடுத்ததைக் கொளுத்தவேண்டும் என்ற அச்சம், கணினியைத் தொட்டே பார்த்திராத பிள்ளைகளுக்கும் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. வாங்கி விற்றவர்கள்தானே என்று கெம்கோவைத் தள்ளிவிடுபவர்கள் இந்த உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

இனி அந்தக் கட்டடத்துக்கு, அதாவது தலைப்பில் சொன்ன கோட்டைக்கு, வருவோம். விளையாட்டின் விதி எளிது. பக்கவாட்டில் தெரியும் பல மாடிகள். படிகள், கதவுகள், குழாய்கள். சிதறிக் கிடப்பவை அனைத்தையும் பொறுக்கினால் அடுத்த கட்டம். முயலால் குதிக்க முடியாது. இதுதான் இதன் உயிர்நாடி. மேலிருந்து விளிம்பைத் தாண்டி விழலாம், ஆனால் எழும்ப முடியாது. எதிரி படியில் இறங்கி வருகிறான் என்றால் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கையில் ஒரு குத்துச்சண்டைக் கையுறை இருந்தால் ஒருவனை ஒருமுறை வீழ்த்தலாம். அதை எப்போது வீணாக்குவது என்ற கணக்கிலேயே பாதி ஆட்டம் போய்விடும்.

ஜப்பானில் ரோஜர் ராபிட் பொறுக்கியது இதயங்கள், துரத்தியவை மரநாய்கள். அமெரிக்காவில் பக்ஸ் பன்னி பொறுக்கியது கேரட், துரத்தியவர்கள் சில்வெஸ்டர் பூனையும் யோசமிட்டி சாமும். ஃபாமிகாமின் வட்டுக் கருவி ஜப்பானில் மட்டுமே விற்கப்பட்டதால் ரோஜர் அந்த நாட்டு எல்லைக்குள்ளேயே இருந்துவிட்டான். அமெரிக்காவில் அதே 1989இல் ரோஜர் ராபிட் பெயரில் எல்ஜேஎன் நிறுவனம் தனியாக ஒரு கேம் வெளியிட்டது. மிக்கியின் பெயர் அங்கே கேப்காமின் கையில் இருந்தது. ஆகவே கேம் பாயில் ஜப்பானியர்கள் மிக்கியாக ஆடிய 80 கட்டங்களின் கேமை அமெரிக்கர்கள் பக்ஸ் பன்னியாக ஆடினார்கள்.

அடுத்த சுற்றில் இது இன்னும் விரிந்தது. 1991இல் ஜப்பானில் மிக்கி மௌஸ் இரண்டாம் பாகம். அமெரிக்காவில் அது பக்ஸ் பன்னியின் இரண்டாம் கோட்டை. ஐரோப்பாவில் டேனிஷ் தொலைக்காட்சியில் வந்த ஹியூகோ என்ற குட்டிப் பூதத்தின் முகத்தோடும் வந்தது. மூன்றாம் பாகமான மிக்கியின் பலூன் கேம், கோட்டையை விட்டு வெளியே வந்த கதை. அமெரிக்காவில் அதற்கு வாடகை முகம் எதுவும் இல்லை. கெம்கோவே கிட் க்ளவுன் என்ற கோமாளியைப் படைத்து நிறுத்தியது. 1993இன் நான்காம் பாகம் அமெரிக்காவில் கோஸ்ட்பஸ்டர்ஸ், ஐரோப்பாவில் கார்ஃபீல்டு. 1997இல் ஜப்பானில் கிட் ஆடிய கோட்டைக்குள் 1999இல் அமெரிக்கச் சந்தைக்காக மீண்டும் பக்ஸ் பன்னி நுழைந்தான். 2002இல் ஐந்தாம் கோட்டைக்கு வுடி வுட்பெக்கர். கோட்டை வரிசையை மட்டும் எண்ணினால் முகங்கள் ஆறு.

பெயர்வாரியாக அகரவரிசைப்படுத்திய பட்டியலில் இவை ஆறு மூலைகளில் சிதறிக் கிடக்கும். ஆட்டத்தின் உடலை வைத்து அடுக்கினால் ஒரே குடும்பமாக வந்து நிற்கும். கெம்கோவின் ஆய்வுக்கு இரண்டாவது முறையே பொருத்தம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஷா ஆலமுக்கு வருகிறேன். இங்குள்ள ஹைகோம் தொழிற்பேட்டையின் புரோட்டோன் கார் தொழிற்சாலையிலிருந்து 1985 ஜூலையில் வெளிவந்த சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயின் உடல். பிறகு வந்த வீரா, பெர்டானா ஆகியவற்றுக்கும் மிட்சுபிஷியே மூலம். தியாரா பிரெஞ்சு சித்ரோயன் ஏஎக்ஸ். 2010இன் இன்ஸ்பிரா மறுபடியும் லான்சர். 2018இன் எக்ஸ்70 சீனாவின் ஜீலி பொயூவே. மலேசிய வடிவமைப்பு என்று முழுதாகச் சொல்லத்தக்க முதல் கார் 2000இல் வந்த வாஜா. இங்கே பெயர்ப்பலகை நிலையாக நின்றது, உடல் மாறிக்கொண்டே வந்தது. கெம்கோவின் கோட்டையில் உடல் நிலையாக நின்றது, பெயர்ப்பலகை மாறிக்கொண்டே வந்தது. 1982இல் டாக்டர் மகாதீர் அறிவித்த கிழக்கு நோக்கும் கொள்கையின் பிள்ளையாக வளர்ந்த நகரம் இது. பெயரும் உடலும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளாக இருக்கக்கூடும் என்பதை ஷா ஆலம்வாசிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வியப்பு என்னவென்றால், கெம்கோவே பிற்பாடு புரோட்டோன் வழிக்கு வந்தது. 1992இல் வந்த டாப் கியர் என்ற கார் பந்தயக் கேம், ஜப்பானில் டாப் ரேசர், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கிரெம்லின் செய்தது. ஒருவர் மட்டும் ஆடினாலும் திரை இரண்டாகப் பிளந்தே இருக்கும். ஒரு பந்தயத்துக்கு மூன்று நைட்ரோ. பெட்ரோல் தீரும் முன் பிட்டுக்குள் நுழைய வேண்டும். பாரி லெய்ச் தமது பழைய லோட்டஸ் கேம்களின் மெட்டுகளையே எடுத்து மெருகேற்றிய இசை. பிரேசிலில் இதற்கு இருக்கும் பற்று பெரிது: போர்ட்டோ அலெக்ரேயின் அக்குவிரிஸ் 2015இல் இதன் வாரிசாக ஹொரைசன் சேஸைச் செய்து, அதே பாரி லெய்ச்சை இசைக்கு அழைத்தது.

கிரெம்லின் இரண்டு தொடர்ச்சிகள் செய்தது. 1997இன் டாப் கியர் ரேலியைச் செய்தது அமெரிக்காவின் பாஸ் கேம் ஸ்டூடியோஸ்; அடுத்த ஆண்டின் ஓவர்டிரைவைச் செய்தது ஸ்நோபிளைண்ட். பெயர் கெம்கோவின் கையில், உடல் யார் யாரிடமிருந்தோ. பழைய கேம்களைத் திரட்டி பிரேசிலின் க்யூபைட் 2024இல் வெளியிட்டபோது உலகம் முழுதும் இட்ட பெயர் டாப் ரேசர். முப்பது ஆண்டுகளாக ஜப்பானுக்குள் மட்டும் வழங்கிய பெயருக்கு இப்படி ஒரு வாழ்வு கிடைத்தது.

2000 முதலான சில ஆண்டுகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நிண்டெண்டோ 64க்கு டைகட்டானா, கேம்கியூபுக்கு யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்கா, 2003இல் பேட்மேன் டார்க் டுமாரோ. மூன்றுமே விமர்சகர்களிடம் அடிவாங்கின. பெரிய பெயர்களுக்குப் பின்னால் உறுதியான உடல் இல்லை.

அதன்பின் கெம்கோ கைப்பேசிக்கு நகர்ந்தது. எக்ஸி கிரியேட், ஹிட் பாயிண்ட் போன்ற சின்னஞ்சிறு குழுக்களிடம் பழைய பாணி ரோல் பிளேயிங் கேம்களைச் செய்யவைத்து வரிசையாக வெளியிட்டது. அல்ஃபாடியா, அஸ்டிவைன் ஹார்ட்ஸ், ரெவனன்ட் சாகா என்று பட்டியல் நீளும். இவற்றில் வாடகை முகம் ஒன்றுகூடக் கிடையாது. உரிமைக் குறிப்பில் கெம்கோ என்று எழுதி, சாய்கோடிட்டு, செய்த குழுவின் பெயரையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள். ஒன்றுபோல் இன்னொன்று என்று இவற்றைக் குறைசொல்வோர் உண்டு, அக்குறை நியாயமே. ஆனாலும் செய்தவன் பெயர் வெளிப்படையாக நிற்கும் இந்தப் பழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அதே ஹிட் பாயிண்ட் 2014இல் தன் சொந்தப் பெயரில் வெளியிட்ட பூனை கேமான நெக்கோ அட்சுமே உலகெங்கும் பரவியது. கெம்கோவும் 2015இல் ரேஜிங் லூப் என்ற சொந்த மர்மக் கதையால் விமர்சகர்களின் நன்மதிப்பைத் திரும்பப் பெற்றது.

ஷா ஆலம் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தப் பட்டியல் எப்படி வந்து சேர்ந்தது? பெரும்பாலும் பெயரே இல்லாமல். இங்கே பல வீடுகளில் இருந்தது தைவானில் செய்த மைக்ரோ ஜீனியஸ் என்ற ஃபாமிகாம் நகல் கருவி. பல கேம்களைத் திணித்த கேசட்டுகளில் பதிப்பாளர் பெயரையும் உரிமைக் குறிப்பையும் முதல் திரையிலிருந்து அழித்துவிட்டே விற்றார்கள். பெயருக்காக ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அவ்வளவு ஒப்பந்தம் போட்ட கேம்கள் இங்கே வெறும் வரிசை எண்ணாக நின்றன. ஆடிய பிள்ளைகளுக்குத் தெரிந்தது உடல் மட்டுமே: எந்தக் கதவு எங்கே திறக்கும், எந்தக் குழாய் எங்கே கொண்டுபோய் விடும். அந்தப் பிள்ளைகளைத்தான் கெம்கோவின் உண்மையான வாசகர்கள் என்று நான் சொல்வேன்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. மாற்றத்தின் ஒரு முனை ஷா ஆலமிலேயே இருக்கிறது. 2007இல் தொடங்கிய உப்பின் இப்பின் தொடரைத் தயாரிக்கும் லெஸ் கோபாக் நிறுவனத்தின் இடம் இதுதான். வாடகைக்கு விடத்தக்க முகங்கள் இப்போது இந்த ஊரில் பிறக்கின்றன. அவற்றில் நம் ராஜுவும் கடைக்கார முத்து அங்கிளும் அடக்கம். 2025இல் அந்தத் தொடரின் கிராமத்தை ஒரு முழு கன்சோல் கேமாக்கியது ஸ்ட்ரீம்லைன் ஸ்டூடியோஸ். முகம் ஷா ஆலமுடையது, உடல் வேறொரு கூடத்துடையது: கெம்கோவின் பட்டியலில் பழகிய ஏற்பாடு, மலேசிய மண்ணில்.

இதற்கு நேர் எதிரான வழியும் இங்கே உண்டு. மலேசியாவின் பேஷன் ரிபப்ளிக் பல ஆண்டுகள் வெளிநாட்டு நிறுவனங்களுக்காகக் கலை வேலை செய்துகொடுத்த கூடம். அது 2022 ஆகஸ்டில் கிகாபாஷ் என்ற சொந்த அசுரச் சண்டை கேமை வெளியிட்டது. அசுரர்கள் எல்லாரும் அவர்களே படைத்தவர்கள். உடல் உறுதியாக நின்றபின் வாடகை முகங்கள் தேடி வந்தன: அதே ஆண்டு டிசம்பரில் தோஹோவின் உரிமத்துடன் காட்ஸில்லா, கிகன், மெக்காகாட்ஸில்லா, டெஸ்டரோயா, மறு ஆண்டில் அல்ட்ராமேன். அதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் குரேயில் கோட்டையைக் கட்டியவர்கள் முகத்துக்காக அலைந்தார்கள். இங்கே ஜப்பானின் பழம்பெரும் அசுர முகம் ஒரு மலேசியக் கோட்டைக்குள் விருந்தாளியாக வந்தது.

ஆகவே மலேசிய கேம்களுக்கு முறையான பட்டியல் ஒன்று தொகுக்கப்படும்போது, ஒவ்வொரு பதிவிலும் முகத்தின் சொந்தக்காரர் யார், உடலைச் செய்த கூடம் எது, பதிப்பாளர் யார் என்று மூன்று கட்டங்கள் வேண்டும். நான்காவதாக, உரிமம் எந்த நாடுகளுக்கு, எந்த ஆண்டு வரை என்பதும் வேண்டும். கிகாபாஷை ஒரு பதிவாகவும் அதன் காட்ஸில்லா இணைப்பைத் தனிப் பதிவாகவும் எழுதி, இரண்டையும் ஒரே குடும்பத்தில் அடுக்க வேண்டும்.