விமானத்தள ஊர்திச் சொற்கள்

விமான நிலையத்தின் உட்பகுதியில் டிராக்டர், பயணியர் பேருந்து, எரிபொருள் லாரி, தீயணைப்பு வண்டி, ஆய்வு ஜீப் ஆகியவற்றை ஓட்டுவோர், வண்டியை எடுக்குமுன் கற்றுத் தேற வேண்டிய இடப்பெயர்கள், குறிகள், வானொலித் தொடர்கள் ஆகியவற்றின் தொகுதி விமானத்தள ஊர்திச் சொற்கள் எனப்படும். நெடுஞ்சாலையில் இருபது ஆண்டு லாரி ஓட்டியவருக்கும் இங்கே பாடம் உண்டு. ஸ்டியரிங்கும் பிரேக்கும் அவருக்குப் பழகியவை. எந்தக் கோட்டுக்கு என்ன பெயர், அந்தப் பெயர் காதில் விழுந்ததும் வண்டியை நிறுத்துவதா நகர்த்துவதா என்பதுதான் புதிது. இந்தியாவில் அந்தந்த நிலைய நிர்வாகம் வகுப்பும் தேர்வும் நடத்தி, ஓட்டுநருக்கு ஏ.டி.பி. என்னும் சீட்டையும் வண்டிக்கு ஏ.வி.பி. என்னும் சீட்டையும் வழங்குகிறது.

தோற்றம்

தொடக்கத்தில் கோடுகள் இல்லை. ஆகவே சொற்களும் இல்லை. 1910-இல் மவுண்ட் ரோடு ஓட்டல்காரரான டி ஆஞ்செலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தில் செய்வித்த விமானத்தைச் சென்னையில் பறக்கவிட்டபோது அவருக்குத் தேவைப்பட்டது ஒரு வெட்டவெளி மட்டுமே. 1930-இல் சென்னைப் பறப்போர் கழகம் தோன்றியது. 1932 அக்டோபர் 15 அன்று தொடங்கிய டாட்டா அஞ்சல் சேவையில், கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாட்டாவும், அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரை நெவில் வின்சென்ட்டும் விமானத்தை ஓட்டினர். அக்காலத்து விமானத்தளங்கள் பெரும்பாலும் புல்வெளிகள். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அதை எதிர்த்து இறங்கலாம், ஏறலாம். கீழே நிற்கும் வண்டிக்கு 'இங்கே நில்' என்று சொல்ல ஒரு நிலையான இடமே கிடையாது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கைவிளக்கை நீட்டி நிறம் காட்டுவதே பேச்சாக இருந்தது.

விமானங்கள் கனத்துப் புல்வெளி தாங்காமல் போனபின் கல்லும் தாரும் சிமென்ட்டும் வந்தன. அவற்றோடு பெயர்களும் வந்தன. இன்றும் பயணியர் பேச்சில் விமானம் நிற்கும் தரை 'டார்மாக்' ஆகவே இருக்கிறது. அது விமானச் சொல்லே அன்று. சாலை போடுவதில் புகழ்பெற்ற மெக்கடமின் பெயரோடு தாரைச் சேர்த்து, இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரைச் சேர்ந்த ஹூலி 1902-இல் காப்புரிமை பெற்ற சாலைக் கலவையின் பெயர். ஏ.டி.பி. வகுப்பில் அச்சொல்லுக்கு இடமில்லை; அங்கே 'ஏப்ரன்' என்றே சொல்ல வேண்டும். ஏப்ரன் சமையல்காரர் இடுப்பில் கட்டும் முன்துணி. கட்டடத்தின் முன்னால் விரிந்து கிடப்பதால் தரைக்கும் அப்பெயர் வந்தது. 'டாக்சி' என்ற சொல், தரையில் மெல்ல ஊர்ந்த பயிற்சி விமானங்கள் வாடகைக்கு ஆள் தேடி ஊரும் டாக்சிக் கார்களை ஒத்திருந்ததால் பிறந்தது என்பர். விமானம் அவ்வாறு ஊர்ந்து செல்லும் வழி 'டாக்சிவே' ஆயிற்று.

ஓடுபாதையில் கார் ஓட்டுவதே முறையான வேலையாக இருந்த இடமும் தமிழ்நாட்டில் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சோழவரம் விமானத்தளம் போருக்குப் பின் கார், மோட்டார் சைக்கிள் பந்தயக் களமாகிப் பல்லாண்டு புகழோடு விளங்கியது. அங்கே விமானம் வருவதில்லை என்பதால் கோபுரத்தின் அனுமதியும் தேவைப்படவில்லை.

பன்னாட்டு அளவில் சொற்கள் ஒருமைப்பட்டது விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கைக்குப் (1944) பிறகு. அதன் பதினான்காம் இணைப்பு விமானத்தளங்களைப் பற்றியது. முதலில் ஏற்கப்பட்டது 1951-இல். இன்று மீனம்பாக்கத்திலும் மதுரையிலும் மஞ்சள் கோடு ஒரே பொருளைத் தருவதற்கு அதுவே காரணம்.

பகுதிகளின் பெயர்

பாதுகாப்புச் சோதனைக்கு முன்னுள்ள பகுதி 'லேண்ட்சைடு'. அதற்கு அப்பால் 'ஏர்சைடு'. ஏர்சைடு முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. விமானங்கள் நின்று பயணியரையும் சரக்கையும் ஏற்றி இறக்குவது ஏப்ரன். அதில் ஒரு விமானத்துக்கு உரிய இடம் 'ஸ்டாண்ட்', பேச்சில் 'பே'. ஓடுபாதையும் டாக்சிவேக்களும் சேர்ந்தது 'மனூவரிங் ஏரியா'. அதனோடு ஏப்ரனையும் சேர்த்தால் 'மூவ்மென்ட் ஏரியா'. புதிதாக வருவோர் தடுமாறும் இடம் இதுதான். இரண்டு பெயர்களும் ஒரே பொருளுடையவை போல ஒலிக்கின்றன, வேறுபாடோ பெரிது. ஏப்ரனில் வேக வரம்புக்கும் வரைந்த பாதைக்கும் உட்பட்டு ஓட்டுநர் தம் பொறுப்பில் நகரலாம். மனூவரிங் ஏரியாவுக்குள் ஒரு சக்கரம் நுழைவதற்கும் கோபுரத்தின் அனுமதி வேண்டும்.

டாக்சிவேக்களுக்கு எழுத்துகள் பெயராகும். ஐ, ஓ, எக்ஸ் ஆகிய மூன்று எழுத்துகளைப் பயன்படுத்துவதில்லை. முதலிரண்டும் ஒன்று, சுழி என்னும் எண்களோடு குழம்பும். எக்ஸ் மூடிய பாதையின் குறி. ஓடுபாதையின் பெயர் திசையிலிருந்து வருகிறது. காந்தத் திசைமானியின் பாகையைப் பத்துக்கு முழுமையாக்கிக் கடைசிச் சுழியை விட்டுவிடுவார்கள். சென்னையின் முதன்மை ஓடுபாதை, ஏறத்தாழ 3,660 மீட்டர் நீளமுடையது, ஒரு முனையில் 07, மறுமுனையில் 25. இரண்டாவது ஓடுபாதை 12, 30. அது அடையாற்றைப் பாலத்தின் மேல் கடக்கிறது. ஒரே பாதைக்கு இரண்டு பெயர் இருப்பது சாலைக்காரருக்கு விசித்திரமாகப்படும். காற்று மாறினால் காலையில் 'ஸீரோ செவன்' எனப்பட்டது மாலையில் 'டூ ஃபைவ்' ஆகும். தார் அதே தார். விமானம் வரும் பக்கம் மட்டும் மாறிவிடும்.

வண்டிகளின் பெயர்களும் பாடத்தில் அடங்கும். பெட்டிகளைச் சுமக்கும் சக்கரப் பலகை 'டாலி'. பயணியர் பேருந்து 'கோச்'. எரிபொருள் வண்டி 'பௌசர்'. விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை 'சாக்'. அது தமிழ்க் காதுக்குச் 'சாக்கு' என்றே விழும். கோணியைத் தேட வேண்டியதில்லை. விமானத்தின் சிவப்பு 'பீக்கன்' விளக்கு சுழன்றால் எஞ்சின் ஓடுகிறது அல்லது ஓடப்போகிறது என்று பொருள். அதன் பின்புறமாக வண்டி போகக்கூடாது. எஞ்சின் பீய்ச்சும் காற்று 'ஜெட் பிளாஸ்ட்'. தரையில் கிடக்கும் ஆணி, நட்டு, பிளாஸ்டிக் துண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து 'எஃப்.ஓ.டி.' என்று ஒரே பெயர். கண்டவர் எடுக்க வேண்டும்.

கோடு, பலகை, விளக்கு

ஒரு வண்டி டாக்சிவே வழியாக ஓடுபாதையை நெருங்குகிறது எனக் கொள்க. தரையில் குறுக்காக நான்கு மஞ்சள் கோடுகள் தென்படும்: இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. முழுக்கோடு வண்டியின் பக்கம் இருந்தால் அதுவே 'ஹோல்டிங் பாயின்ட்', அனுமதியின்றித் தாண்டக்கூடாது. விட்டுவிட்டுப் போட்டது தன் பக்கம் இருந்தால் ஓட்டுநர் ஏற்கெனவே ஓடுபாதைப் பக்கம் நிற்கிறார் என்று பொருள். உடனே கடந்து வெளியேற வேண்டும். பெரிய கருவிவழி ஓடுபாதைகளில் இக்கோடு நடுக்கோட்டிலிருந்து 90 மீட்டர் தொலைவில் இருப்பது வழக்கம். ஓரத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து இருந்தால் அது கட்டளை. கறுப்பில் மஞ்சள் எழுத்து, நிற்கும் இடத்தின் பெயர். மஞ்சளில் கறுப்பு எழுத்து, வழிகாட்டி. இரவில் டாக்சிவே ஓரம் நீலம், அதன் நடு பச்சை, ஓடுபாதை ஓரம் வெள்ளை. குறுக்கே சிவப்பு வரிசை எரிந்தால் அது 'ஸ்டாப் பார்'.

வானொலி பழுதானால் பழைய கைவிளக்குக்கே திரும்ப வேண்டும். பச்சை மின்னினால் கடக்கலாம். நிலைத்த சிவப்பு, நில். சிவப்பு மின்னினால் ஓடுபாதையையோ டாக்சிவேயையோ விட்டு ஒதுங்கி விமானத்தைப் பார். வெள்ளை மின்னினால் மனூவரிங் ஏரியாவை விட்டே வெளியேறு. புல்வெளிக் காலத்து மொழியில் இன்றும் பிழைத்திருப்பது இது ஒன்றே.

வானொலிச் சொற்கள்

உரையாடல் இவ்வாறு செல்லும். ஆய்வு ஜீப் ஹோல்டிங் பாயின்ட்டில் நின்று, தன் அழைப்புப் பெயரையும் நிற்கும் இடத்தையும் சொல்லி, 'ரெக்வெஸ்ட் கிராஸ் ரன்வே ஸீரோ செவன்' என்கிறது. கோபுரம் 'ஹோல்ட் ஷார்ட் ஆஃப் ரன்வே ஸீரோ செவன்' என்கிறது. ஓட்டுநர் 'ரோஜர்' என்று முடித்துவிடக்கூடாது. 'ரோஜர்' என்றால் கேட்டேன் என்று மட்டுமே பொருள். என்ன கேட்டார் என்பது அதில் இல்லை. 'ஹோல்டிங் ஷார்ட் ஆஃப் ரன்வே ஸீரோ செவன்' என்று முழுவதையும் திருப்பிச் சொல்ல வேண்டும், இது 'ரீட்பேக்'. அனுமதி கிடைத்துக் கடந்தபின் 'ரன்வே வெக்கேட்டட்' என்று சொன்னால்தான் கோபுரத்தின் கணக்கில் ஓடுபாதை காலியாகும். 'ஸ்டாண்ட் பை' என்பது காத்திரு என்பதே; அனுமதி அன்று. ஒலி குழம்பாமலிருக்க மூன்று 'ட்ரீ', ஐந்து 'ஃபைஃப்', ஒன்பது 'நைனர்' ஆகும். ஆல்பா, பிராவோ, சார்லி என்ற எழுத்துப் பெயர்கள் 1956 முதல் நடப்பில் உள்ளன.

விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் 2008 முதல் ஆங்கிலத் திறனுக்குப் பன்னாட்டு அளவுகோல் உண்டு. ஓட்டுநருக்கு அது இல்லை. அதே அலைவரிசையில் அதே ஓடுபாதைக்காகப் பேசும் மூன்றாமவரை விட்டுவிட்ட இந்த விதி குறையுடையது.

விபத்துகள்

சில சொற்களுக்குப் பின்னால் விபத்துகள் உண்டு. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தனர். 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை இரு தரப்பும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டதும் ஒரு காரணம். அதன்பின் ஏறுவதற்கு அனுமதி தரும்போதும் அதைத் திரும்பப் பெறும்போதும் அன்றி அச்சொல் உச்சரிக்கப்படுவதில்லை. மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்' என்பர். 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேடாவில், 'நம்பர் ஒன்' என்று அழைக்கப்பட்ட கடலோரக் காவல் விமானம் ஓடுபாதைக்குள் நுழைந்து நின்றது. பயணியர் விமானம் அதன்மேல் இறங்கியது. காவல் விமானத்தில் ஐவர் இறந்தனர். பயணியர் விமானத்தின் 379 பேரும் தப்பினர்.

வண்டியே காரணமானது 2022 நவம்பர் 18-இல் லிமாவில். பயிற்சிக்காகப் புறப்பட்ட தீயணைப்பு வண்டி, விமானம் ஏறிக்கொண்டிருந்த ஓடுபாதையில் நுழைந்தது. வண்டியிலிருந்த வீரர்கள் உயிரிழந்தனர். விமானத்திலிருந்த 108 பேரும் பிழைத்தனர். இந்தியாவில் 2020 பிப்ரவரி 15 அன்று புனேயில் ஏர் இந்தியா விமானம் ஏறத்தாழ 120 நாட் வேகத்தில் ஓடும்போது எதிரே ஒரு ஜீப்பும் ஆளும் தெரிய, விமானி முன்கூட்டியே மேலே தூக்கினார். வால்பகுதி உரசியதோடு போயிற்று. இத்தகைய நிகழ்வு 'ரன்வே இன்கர்ஷன்' எனப்படும். செய்தித்தாள்கள் 'ஊடுருவல்' என்றும் 'அத்துமீறல்' என்றும் எழுதுகின்றன. எல்லையில் ஆயுதத்தோடு வருபவரை நினைவூட்டும் சொற்கள் அவை. வழி தவறிய ஜீப்பு ஓட்டுநருக்குப் பொருந்தா. 'ஓடுபாதையில் தவறி நுழைதல்' என்பதே சரி.

தமிழில்

ஓடுபாதை, ஓடுதளம் என்ற இரண்டும் வழக்கில் உள்ளன. தளம் என்பது முழு இடத்தையும் குறிப்பதால் ஓடுபாதையே பொருத்தமான சொல். டாக்சிவேக்கு நிலைத்த தமிழ்ச்சொல் பரவவில்லை. இதழாளர் ஒவ்வொரு முறையும் விளக்கியே எழுதுகின்றனர். வானொலியில் ஆங்கிலமும் வண்டிக்குள் தமிழும் என்பதே நடைமுறை. 'டாக்சிவேல ஏறாதே, பே பக்கமா ஒதுங்கு' என்று மூத்த ஓட்டுநர் சொன்னால் புதியவருக்குப் புரிந்துவிடுகிறது. பயிற்சிக் கையேடுகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உள்ள அளவுக்குத் தமிழில் இல்லாததை, பத்தாம் வகுப்போடு நின்று ஓட்டுநரானவர்களே அதிகம் உணர்வர்.

வேலூர்ப் பகுதியில்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலின் அவசரச் சரக்கு வானில் ஏறுவது சென்னையில்தான். அரக்கோணத்தில் 1992 முதல் இயங்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி 4 கிலோமீட்டருக்கும் மேலான ஓடுபாதை உடையது, பொதுமக்களுக்கு உரியதன்று. அணைக்கட்டை அடுத்து, வேலூருக்கு மேற்கே அப்துல்லாபுரத்திலுள்ள பழைய விமான ஓடுபாதை, வட்டார விமானச் சேவைக்கான உடான் திட்டத்தின்கீழ் சிறு விமானங்களுக்காகச் சீரமைக்கப்பட்டது.