உளியா? கணினியா?

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் சோழர் காலத்து ஊர். அங்கே கிடைத்த புத்தர், சமணச் சிலைகள் எல்லாம் உளியும் சுத்தியலும் கொண்டு செதுக்கியவை. அந்த ஊருக்கு வடமேற்கே பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர் இருக்கிறது. தென்மேற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சாவூர். ஒன்று மரச்சிற்பத்துக்குப் பேர் போனது, மற்றொன்று நெட்டி வேலைக்கு. இரண்டு கலைகளுக்கும் 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே காலத்தில்தான் மாதிரி உருவங்கள் செய்யும் வேலையில் கணினி இயந்திரமும் நுழைந்துவிட்டது. இந்தப் போட்டியின் கதை சுவாரஸ்யமானது!

முதலில் நெட்டி. குளம், ஏரிகளில் வளரும் நீர்ச்செடி இது. தண்டின் தோலைச் சீவினால் உள்ளே வெள்ளைவெளேர் என்று மெத்தென்ற தக்கை இருக்கும். அதைக் கூரான கத்தியால் மெல்லியதாக நறுக்கி, துண்டு துண்டாக ஒட்டித் தஞ்சைப் பெரிய கோயிலையே கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்து விடுவார்கள். அரும்பாவூரில் முறையே வேறு. அங்கே ஒட்டு வேலை கிடையாது. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் ஒரே துண்டிலிருந்து முழு உருவத்தையும் செதுக்கி எடுக்கிறார்கள்.

சரி, இயந்திரம் எப்போது வந்தது? கணினியோடுதான் வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட், 1819-ல் இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் சிலைகளை நகலெடுக்கும் கருவி ஒன்றைத்தான் உருவாக்கிக்கொண்டிருந்தார். ஒரு முனை மூலச்சிலையைத் தடவிச் செல்லும், மறுமுனை அதே உருவத்தைக் குடையும். அடுத்த பெரிய திருப்பம் அமெரிக்காவில் வந்தது. ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்த ஜான் பார்சன்ஸின் யோசனை வளர்ந்து, 1952-ல் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் துளையிட்ட காகித நாடாவின் கட்டளைப்படி உலோகம் வெட்டும் இயந்திரம் இயங்கிக் காட்டப்பட்டது. இன்றைய சி.என்.சி. அதன் வாரிசு. 2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் திட்டம், முப்பரிமாண அச்சுப்பொறியைப் பொழுதுபோக்காளர்களின் மேசைக்கே கொண்டுவர வழிசெய்தது.

இயந்திரத்தின் பலம் என்ன? நூறு ஜன்னல் வேண்டுமென்றால் நூறும் ஒரே அளவில் வரும். ஒருமுறை வரைந்த கோப்பு அழியாது. கை நடுங்குபவரும் நுணுக்கமான மாதிரி செய்யலாம். இது சின்ன விஷயமல்ல.

பலவீனமும் உண்டு. மூன்று அச்சுகளில் நகரும் சாதாரண சி.என்.சி. மேலிருந்து மட்டுமே குடையும். மடங்கிய கைக்கு அடியில், தோகைக்குப் பின்னால் அதன் முனை போகாது. லேசர் தட்டையான பலகையைத்தான் வெட்டும். மரத்தில் எதிர்பாராத முடிச்சு வந்தால் இயந்திரத்துக்குத் தெரியாது, ஆசாரி உளியைத் திருப்பிப் பிடிப்பார். நெட்டியோ தண்டுக்குத் தண்டு பருமன் மாறும். எது எதற்கு ஆகும் என்பதைக் கைதான் சொல்ல வேண்டும்.

ஆனால் உண்மையான ஆபத்து தரத்தில் இல்லை, விலையில் இருக்கிறது. கைத்தறிக்கு 1985-ல் ஒரு ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. சில துணி வகைகளை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்றது அது. மரச்சிற்பத்துக்கு அப்படி ஒரு வேலி இல்லை. புவிசார் குறியீடு ஊர்ப் பெயரைக் காக்கும். வேறெங்கோ இயந்திரத்தில் குடைந்த பொம்மை, அரும்பாவூர் என்று சொல்லாமலே பாதி விலைக்கு விற்றால் என்ன செய்வது?

இயந்திரத்தைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வாட்டின் கருவிக்கும் முதலில் ஒரு சிலை தேவைப்பட்டது, அதை ஒரு கைதான் செய்திருக்க வேண்டும். வாங்கும் பொருளின் அடியில் 'கையால் செய்தது', 'இயந்திரத்தால் செய்தது' என்று ஒரே ஒரு வரி இருந்தால் போதும். அடுத்த முறை ஒரு மரப்பொம்மையை விலை பேசும்போது, யார் செய்தது என்று கேட்டுப் பாருங்கள் நண்பர்களே!