ஆயா இருட்டில் செய்த வேலை

'கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா' என்பார்கள். தாய்க்கோழி மிதித்தால் ஆகாதுதான். அயல்கோழி கொத்தினால் குஞ்சு செத்தே போகும். இதை நான் பத்து வயதில் தெரிந்துகொண்டேன்.

1961. புதுச்சேரியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஆயா கோழி வளர்த்தாள். அப்பா சந்தையிலிருந்து நான்கு குஞ்சுகள் வாங்கி வந்தார். "பஞ்சாரத்துல போட்டு மூடு" என்று ஆயா சொன்னாள். நான் கேட்கவில்லை. எல்லாம் ஒன்றாகப் பழகட்டும் என்று பெரிய கோழிகளுக்கு நடுவில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டு குஞ்சுகள் மண்டை கிழிந்து கிடந்தன. ஆயா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று ராத்திரி விளக்குகூட எடுக்காமல் கொடாப்புக்குப் போனாள். முந்தின நாள்தான் குஞ்சு பொரித்திருந்த கறுப்புப் பெட்டையின் இறக்கைக்கு அடியில் மிச்சமிருந்த இரண்டையும் மெல்லச் செருகினாள். விடிந்ததும் கறுப்புப் பெட்டை தன் குஞ்சுகளோடு இவற்றையும் கூட்டிக்கொண்டு குப்பை கிளறப் போனது. "இருட்டுல அதுக்குக் கணக்குத் தெரியாதுடா" என்றாள்.

இதே வயதில் நார்வே நாட்டுச் சிறுவன் ஒருவன் கோழிகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தான் என்பதைப் பிற்காலத்தில் ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் படித்தேன். தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே, பிறப்பு 1894. எந்தக் கோழி எதைக் கொத்துகிறது, எது எதற்கு வழிவிடுகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பானாம். கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் வைத்திருக்கின்றன. எந்த இரண்டை எடுத்தாலும் ஒன்று கொத்தும், மற்றது ஒதுங்கும். இந்த வரிசை ஒருமுறை படிந்துவிட்டால் பிறகு சண்டை குறைவு. 1922இல் இதை அவர் ஜெர்மன் மொழியில் கட்டுரையாக வெளியிட்டார். 'கொத்து வரிசை' என்ற பேச்சு உலகமெங்கும் பரவியது அவர் ஆராய்ச்சியால்தான்.

அப்போதுதான் என் குஞ்சுகள் ஏன் செத்தன என்று விளங்கியது. வரிசையில் இடமில்லாத புது முகம் எல்லோருக்கும் எதிரி. தப்பி ஓட வலுவில்லாத குஞ்சுக்கு முதல் கொத்தே கடைசிக் கொத்து. 1944இல் அமெரிக்காவில் கூல், ஆலி என்ற இருவர் இன்னொன்றையும் காட்டினார்கள். ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்கும் கோழிக் கூட்டம், கலைக்காமல் விட்ட கூட்டத்தைவிடக் குறைவாகத் தின்கிறது, முட்டையும் குறைவாக இடுகிறது. ஆக, புதியவரை முரட்டுத்தனமாகச் சேர்த்தால் பழையவருக்கும் நஷ்டம்தான்.

கொத்து வரிசையைக் கண்டுபிடித்தவர் கதையும் வேடிக்கை. அவர் டாக்டர் பட்டம் வாங்கியது ஜெர்மனியில். சொந்த நாட்டில் பேராசிரியர் நாற்காலி கிடைக்கவில்லை. நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் நாள், உட்கார நாற்காலி இல்லாமல் பீரோ ஓரமாக நின்றது நினைவுக்கு வந்தது.

தோட்டத்தில் கோழி வைத்திருக்கும் அன்பர்களுக்கு: அடைக்கோழி இருந்தால் பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளை ராத்திரியில் அதனடியில் வையுங்கள். விடிந்ததும் போய்ப் பாருங்கள், கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள். அடைக்கோழி இல்லையென்றால் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வளர்த்து, பெரியவை தினமும் பார்க்கும்படி விடுங்கள். பெரிய கோழி அளவுக்கு ஏறக்குறைய வளர்ந்த பிறகு சேருங்கள். ஒற்றையாக விடாதீர்கள். தீனியை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள், ஒளிய ஒரு மூலையும் இருக்கட்டும். கொஞ்சம் கொத்து விழும், சில நாளில் அடங்கும். ரத்தம் கண்டால் மட்டும் பிரித்துவிடுங்கள்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கறுப்புப் பெட்டையிடம் அவள் ஒப்படைத்த இரண்டில் ஒன்று பெட்டையாக வளர்ந்தது. அடுத்த வருஷம் அது அடைக்கு உட்கார்ந்தபோது, முட்டை வைக்கும் வேலையை ஆயா என்னிடம் கொடுத்தாள். அன்றைக்குத்தான் என்னை மன்னித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.