முழங்காலில் இரண்டு அசைவுகள்

சின்னக்கானலின் தேயிலைச் சரிவுகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கிய ஒரு முழங்கால், போடிமெட்டு வளைவுகளைக் கடந்து சமவெளிக்கு வந்து எம்.ஆர்.ஐ. மேசையில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அசைவுகள் இரண்டு. வலியால் கால் தானாக நெளிவது ஒன்று. மூட்டின் பின்குழியில் ஓடும் பாப்லிடியல் தமனி துடிப்பது மற்றொன்று. முன்னதை அடக்கலாம். பின்னதை அடக்க முடியாது, அடக்கவும் கூடாது.

காலின் நெளிவுக்கு ஒழுங்கு கிடையாது. எப்போது வரும் என்று கால்காரருக்கே தெரியாது. வந்தால் படம் மங்கி, ஜவ்வின் விளிம்பு கரைந்துபோகும். தமனிக்கோ ஒழுங்கு உண்டு. அது சீராகத் துடிப்பதால், படத்தில் அது பதிக்கும் போலிப் பிம்பங்களும் சம இடைவெளியில் வரிசையாக விழும். நாடி வேகம் மாறினால் அந்த இடைவெளியும் மாறும். மங்கிய படத்தை மருத்துவர் நம்பமாட்டார், மறுபடி எடுக்கச் சொல்வார். துல்லியமான படத்தில் குருத்தெலும்பின் மேல் விழுந்த போலிப் பிம்பமோ நோயைப் போலவே தெரியலாம். ஒழுங்கான அசைவே அதிகம் ஏமாற்றும் என்பது என் எண்ணம்.

இவ்வளவு வேறுபட்ட இரண்டும் ஓரிடத்தில் உறவாகிவிடுகின்றன. கால் பக்கவாட்டில் ஆடட்டும், மேலே இழுபடட்டும். தமனி எந்தப் பக்கமும் புடைக்கட்டும். கோளாறு படத்தில் பெரும்பாலும் ஒரே திசையில்தான், ஃபேஸ் அச்சின் வழியாகத்தான், பரவும். அசைந்த திசைக்கும் கெட்ட திசைக்கும் தொடர்பில்லை! காரணம் நேரம். படம் இரண்டு அச்சுகளில் பதிவாகிறது. ஃப்ரீக்வென்சி அச்சில் ஒரு வரி சில மில்லிவினாடிகளில் பதிவாகிவிடுகிறது. ஃபேஸ் அச்சு வரிவரியாக நிரம்பி முடிய நிமிடங்கள் பிடிக்கின்றன. அந்த இடைவெளியில்தான் இரண்டு அசைவுகளும் நுழைகின்றன.

மருந்தில் இரண்டு அசைவுகளும் மறுபடி பிரிகின்றன. காலுக்கு வேண்டியது வசதி: சிக்னலை வாங்கும் காயிலுக்கும் முட்டிக்கும் நடுவே இடுக்கில்லாமல் பஞ்சணை, லேசாக மடங்கிய நிலை, பட்டை, போர்வை, இரைச்சலுக்குக் காதடைப்பு. தமனிக்கு வேண்டியது தந்திரம். தொடைப் பக்கம் ஒரு சாச்சுரேஷன் பட்டையை வைத்தால், இறங்கி வரும் ரத்தத்தின் சிக்னல் முட்டியை அடையுமுன் அழிந்துவிடும். அல்லது பக்கவாட்டுத் தோற்றப் படத்தில் ஃபேஸ் அச்சை முன்பின்னாக வைக்காமல் மேல்கீழாகத் திருப்பலாம். தமனியே மேல்கீழாகத்தானே ஓடுகிறது? போலிப் பிம்பமும் அதன் தடத்திலேயே விழுந்து, சிலுவைத் தசைநார்களை விட்டுவிடும்.

ஆனால் அச்சைத் திருப்பினால் தொடையும் கீழ்க்காலும் படத்துக்குள் மடிந்து விழாதபடி கூடுதல் வரிகள் எடுக்க வேண்டும். கூடுதல் வரி என்றால் கூடுதல் நேரம்; கூடுதல் நேரம் என்றால் கால் நெளிய இன்னொரு வாய்ப்பு. தமனிக்குக் கொடுத்த மருந்து காலின் நோயை வளர்க்கிறது. டெக்னீஷியனின் திறமை இந்தப் பேரத்தில்தான் தெரியும்.

1999இல் ஜேம்ஸ் பைப் வெளியிட்ட புரொபெல்லர் முறை இரண்டையும் சேர்த்தே எதிர்கொள்கிறது. தரவை நேர்வரிகளாக அல்லாமல் சுழலும் பட்டைகளாக எடுக்கிறது. ஒவ்வொரு பட்டையும் தரவு நிரம்பும் வெளியான கே-ஸ்பேஸின் நடுவைக் கடப்பதால், ஒன்றோடொன்று ஒப்பிட்டு அசைவைத் திருத்தலாம். துடிப்பின் பிம்பமும் ஒரே திசையில் குவியாமல் சிதறும். ஆனால் இந்தத் திருத்தம் ஒரே திண்மப் பொருளாக அசையும் உறுப்புக்கே நன்கு பொருந்தும். தலை அப்படி அசைகிறது, முழங்கால் அப்படியில்லை. தொடையெலும்பு ஒரு பக்கமும் கீழ்க்காலெலும்பு ஒரு பக்கமும் போனால் எந்தக் கணக்கும் திணறும். இன்னொரு வழி நேரத்தையே குறைப்பது. 2018இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையமும் ஃபேஸ்புக்கும் தொடங்கிய ஃபாஸ்ட்எம்.ஆர்.ஐ. திட்டம், முதலில் வெளியிட்ட முழங்கால் தரவுகளைக் கொண்டு, குறைந்த வரிகளிலிருந்தே படத்தை மீட்கப் பார்த்தது. நேரம் குறைந்தால் கால் நெளியும் வாய்ப்பு குறையும். தமனி அந்தக் குறுகிய நேரத்திலும் துடித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே தமனியை டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள். காலுக்கு மட்டும் நீங்கள் உதவ முடியும். மலையிறங்கி வந்த குமட்டல் அடங்கிய பிறகு, கழிப்பறைக்குப் போய்விட்டு மேசையில் ஏறுங்கள். எந்த மடக்கில் வலிக்கிறது என்பதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். மூச்சை அடக்க வேண்டியதில்லை. முழங்கால் படத்துக்கு அது தேவையே இல்லை.