சொரியாசிஸ்: தோல் சுமந்த பழி

சில நோய்கள் உடலை வருத்துவதோடு அமையாது, பெயராலும் வருத்துவன. சொரியாசிஸ் அத்தகையது. செந்நிறத் தடிப்பும் வெண்செதிலும் கொண்ட இந்நோய் ஐரோப்பாவில் நெடுங்காலம் தொழுநோயினின்றும் பிரித்தறியப்படவில்லை. தொற்றாத நோயுடையோரும் தொழுநோயாளர் எனத் தள்ளிவைக்கப்பட்டனர். 1808 இல் இலண்டன் மருத்துவர் றொபேட் வில்லன் இதனைத் துலக்கமாக விவரித்தார். எனினும் 'லெப்ரா' என்னும் பெயரை அவரும் கைவிட்டாரல்லர். 1841 இல் வியன்னாவில் ஹெப்றா என்பவரே இதனைத் தொழுநோயினின்றும் முற்றாகப் பிரித்தார்.

தொழுநோய் என்ற பழி நீங்கியபின் தோற்கலத்தின் மீது பிறிதொரு பழி விழுந்தது. நலமான மேற்றோலின் அடியில் தோன்றும் கலம் மேலெழுந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். சொரியாசிஸ் படையிலோ அப்பயணம் சில நாட்களில் முடிந்துவிடும். 1951 இல் கப்னர் என்பவர் மூட்டுவாத நோயாளருக்கு அமினோப்ரெறின் கொடுத்தபோது சொரியாசிஸ் படைகளும் மறையக் கண்டார். அது கலப்பிரிவைத் தடுக்கும் மருந்து. 1963 இல் வான் ஸ்கொற், எக்கல் ஆகியோர் படைகளிற் பிரிவடையும் கலங்கள் பெருகியிருத்தலை எண்ணிக் காட்டினர். எனவே, கட்டுப்பாடிழந்த தோற்கலமே நோய்முதல் என்ற கருத்து வலுப்பெற்றது.

1979 இல் இக்கருத்து ஆட்டங்கண்டது. மாற்றுறுப்பை உடல் நிராகரியாதிருக்க வழங்கப்படும் சைக்குளோஸ்போரின் சொரியாசிஸையும் தணித்தது. அது நிர்ப்பீடனத்தை அடக்குவது. 1995 இல், தூண்டப்பட்ட ரி-நிணநீர்க்கலங்களை மட்டும் அழிக்கவல்ல நச்சுப் புரதமொன்றும் அவ்வாறே பயன்தந்தது. தோற்கலத்தைத் தூண்டுவோர் வேறிடத்திலிருந்தமை அதனாற் புலனாயிற்று.

புரதக் குறிகாட்டிகளும் இதனோடு இயைந்தன. 1983 இல் ஜேர்மனியின் கீல் நகரில் அறியப்பட்ட கீ-67, பிரிவடையும் கலங்களிற் காணப்பட்டு ஓய்விலுள்ளவற்றில் மறைவது; அதனாற் கலப்பெருக்கத்தை அளத்தல் எளிதாயிற்று. கெரற்றின் 6, 16 என்பன அதனினும் நுட்பமான செய்தியைக் கூறின. நலமான மேற்றோலிற் பெரும்பாலும் காணப்படாத இவை சொரியாசிஸ் படையில் மிகுதியாகத் தோன்றுவன. காயம் ஆறும் தோலிலும் இவை தோன்றுதல் கருதத்தக்கது. ஆகவே, சொரியாசிஸில் தோல் நெறிதவறவில்லை. இல்லாத காயத்தை ஆற்றுமாறு நிர்ப்பீடனக் கலங்கள் விடுக்கும் ஏவலுக்கே அது இணங்குகின்றது.

அவ்வேவலைச் சுமக்கும் இன்ரலூக்கின்-17 என்னும் புரதத்தைத் தடுக்கும் மருந்து 2015 இல் அங்கீகாரம் பெற்றது. நோயை வேரோடு களையாவிடினும், பலரின் தோலை அது தெளிவித்துள்ளது. ஆயின், ஹெப்றா பிரித்துக்காட்டி நூற்றெண்பது ஆண்டுகள் கடந்தபின்னரும் சொரியாசிஸ் உடையோரின் கையைத் தொட அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்தை நீக்க மருந்து வேண்டியதில்லை. இவ்வரலாற்றை அறிதலே போதும்.