தவளையும் மருத்துவக் கல்வியும்

1977-இல் புகுமுக வகுப்பில் உயிரியல் பிரிவு எடுத்தேன். டாக்டராகணும் என்று ஆசை. ஆய்வகத்தில் தவளை அறுக்க வேண்டும் என்று தெரிந்ததும் பாட்டி இரண்டு நாள் சாப்பிடவில்லை. "நயினார் வீட்டுப் பிள்ளை செய்யிற காரியமாடா இது?" என்றார். வணிகவியலுக்கு மாறினேன். பிறகு மும்பை, பாத்திரக் கடை.

அந்தத் தவளை பாடத்துக்குள் எப்படி வந்தது என்று பிற்காலத்தில் தேடிப் படித்தேன். 1875-இல் இங்கிலாந்தில் ஹக்ஸ்லி, மார்ட்டின் என்பவரின் துணையோடு செயல்முறை உயிரியல் நூல் ஒன்றை வெளியிட்டார். ஈஸ்ட்டில் தொடங்கித் தவளையில் முடியும் நூல் அது. மறு ஆண்டே மார்ட்டின், அமெரிக்காவின் பால்டிமோரில் புதிதாய்த் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியரானார். 1893-இல் அங்கே மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, உயிரியல், இயற்பியல், வேதியியல் கற்ற பட்டதாரிக்கே இடம் என்றார்கள். அதுவரை அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் பட்டமே கேட்பதில்லை! நிதி தந்த மேரி காரெட் அம்மையாரின் நிபந்தனையால் பெண்களுக்கும் சமமாக இடம் கிடைத்தது. 1910-இல் வந்த பிளெக்ஸ்னர் அறிக்கை இதையே முன்மாதிரியாகக் காட்டியது.

நம் சமயம் சொல்லும் நான்கு தானங்களில் அபயதானமும் உண்டு, ஔஷததானமும் உண்டு. அந்த ஆய்வக மேசையில் இரண்டும் மோதின. பாட்டியைக் குறை சொல்ல இன்றும் எனக்கு மனசு வரலை.

பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் விலங்கறுப்பைப் படிப்படியாகக் குறைக்கவும், 2014-இல் நிறுத்தவும் சொன்னது. என் பேத்தி இப்போது விலங்கியல் படிக்கிறாள். அடுத்துப் பொதுச் சுகாதாரமாம். போன மாதம் கம்ப்யூட்டர் திரையில் தவளையைத் திறந்து காட்டினாள். இதயத்துக்கு மூன்று அறை என்று நான்தான் முதலில் சொன்னேன்.