இருதயத்தில் கொழுப்புக் கட்டி: அச்சமும் அறிய வேண்டியதும்

இருதயத்தில் கட்டி ஒன்று தென்படுவதாக எக்கோ பரிசோதனை அறிக்கை கூறுமாயின், நோயாளியின் மனதிலும் குடும்பத்தினர் மனதிலும் முதலில் எழுவது புற்றுநோய் என்ற அச்சமே. இருதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரிதானவை; அவற்றிலும் பெரும்பாலானவை புற்று அல்லாதவை. ஆயினும் பிற உறுப்புகளிலிருந்து புற்று இருதயத்திற்குப் பரவுவதும் உண்டு. ஆகவே வெறும் ஆறுதல் வார்த்தைகள் போதா. நிச்சயமான நோயறிதலே தேவை.

புற்று அல்லாத கட்டிகளுள் ஒன்று லைப்போமா எனப்படும் கொழுப்புக் கட்டியாகும். மெல்லிய உறையினுள் முதிர்ந்த கொழுப்புக் கலங்கள் திரண்டு இது உருவாகின்றது. வயது முதிர்ந்தோரிலும் உடல் பருத்தோரிலும் இரு சோணையறைகளுக்கும் இடையிலான பிரிசுவரில் உறையின்றிக் கொழுப்பு தடித்துப்போவது வேறொரு நிலை. இவ்விரண்டும் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. இரத்த ஓட்டம் தடைப்பட்டாலோ, இருதயத் துடிப்பு ஒழுங்கு குலைந்தாலோ மாத்திரமே சத்திரசிகிச்சை குறித்து ஆலோசிக்கப்படும்.

கட்டி இருக்கும் இடத்தையும் அதன் அளவையும் எக்கோ காட்டும். ஆனால் அது கொழுப்பா, இரத்தக் கட்டியா, மிக்சோமா எனும் வேறு கட்டியா என்பதை எக்கோவினால் எப்போதும் பிரித்தறிய இயலாது. சி.ரி. ஸ்கானில் ஒவ்வொரு திசுவின் அடர்த்தியும் எண்ணாகக் கிடைக்கின்றது. நீரின் எண் 0. கொழுப்பின் எண் ஏறத்தாழ -50 முதல் -150 வரை. எம்.ஆர்.ஐ. ஸ்கானில் பிரகாசமாகத் தோன்றும் கொழுப்பு, கொழுப்பின் சமிக்ஞையை அடக்கும் முறையில் மீண்டும் படமெடுக்கும்போது இருண்டுவிடும். இவ்விதம் பல வேளைகளில் திசு வெட்டியெடுக்காமலேயே விடை கிடைத்துவிடுகின்றது.

வன்னிப் பெருநிலப்பரப்பு மக்கள் இங்கு ஒரு விடயத்தைக் கருத்திற்கொள்ள வேண்டும். 2009 இல் முடிவுற்ற யுத்தத்தின் எறிகணைச் சிதறல்களை உடலில் இன்றும் சுமந்து வாழ்வோர் எம்மிடையே பலர். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தப்புலம் இரும்பு கலந்த துண்டுகளை அசைக்கக்கூடும். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றின் அருகே அவை இருப்பின் ஆபத்து பெரிது. எனினும் எல்லாச் சிதறல்களும் தடையல்ல. துண்டு எங்குள்ளது என்பதை எக்ஸ்ரே மூலம் பார்த்து வைத்திய நிபுணரே தீர்மானிப்பார். எம்.ஆர்.ஐ. இயலாதெனில் சி.ரி. ஸ்கான் உண்டு. கொழுப்பை இனங்காண அது பெரும்பாலும் போதுமானது. ஸ்கானுக்காக மருந்து ஏற்ற நேரிட்டால் சிறுநீரக நோயுள்ளோர் அதனை முன்கூட்டியே கூற வேண்டும். அந்நோயால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் வவுனியாவும் ஒன்றென்பதை மறத்தலாகாது.

முள்ளியவளையிலிருந்தோ செட்டிகுளத்திலிருந்தோ யாழ்ப்பாணத்திற்கும் அநுராதபுரத்திற்கும் கொழும்பிற்கும் பயணிக்கும் ஏழை நோயாளி, ஸ்கான் அறையின் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பப்படுவாராயின் ஒரு நாட் கூலியோடு நம்பிக்கையையும் இழக்கின்றார். "உடலில் உலோகத் துண்டு உண்டா?" என்ற கேள்வி, வேறு வைத்தியசாலைக்கு அனுப்பும் கடிதம் எழுதப்படும் வேளையிலேயே நோயாளியின் மொழியில் கேட்கப்பட்டு, பதிலும் அக்கடிதத்தில் குறிக்கப்பட வேண்டும். நோயாளர்களும் பழைய காயங்களை மறைக்காது கூறி, முந்தைய அறிக்கைகளையும் படங்களையும் உடன் எடுத்துச் செல்லவேண்டும். மேலதிகச் செலவு ஏதுமின்றி இன்றே தொடங்கக்கூடிய இந்நடைமுறையைச் சுகாதாரத் துறையினர் தாமதமின்றிக் கைக்கொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.